சத்து அளவு போடுகிறவர்களுக்கு, பாமணியாற்றங்கரை மருந்துக்கடையிலிருந்து ஒரு மடல்

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் உட்கார்ந்து, இந்தியர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு இரும்பு வேண்டும், எவ்வளவு கால்சியம் வேண்டும், எந்த விட்டமின் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று கணக்குப் போடுகிற குழுவின் அய்யாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நான் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம் படித்தவன், விஞ்ஞானி இல்லை. இருபத்து மூன்று வருடமாக ஒரே கல்லாப்பெட்டி, ஒரே கண்ணாடி அலமாரி. முன்னெல்லாம் காய்ச்சல் மாத்திரையும் இருமல் டானிக்கும்தான் அதிகம் போகும். இப்போது அலமாரியில் பாதி சத்து மாத்திரை, சத்து மாவு, சத்து பொடி. கேட்டு வருகிறவர்களில் சீட்டோடு வருகிறவர் கால்வாசிப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் காலி அட்டையைக் காட்டி 'இதே குடுங்க' என்பார்கள். நானும் கொடுத்துவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மடலில் குற்றவாளிப் பட்டியல் போட்டால் முதல் பெயர் என்னுடையதுதான்.

போன ஐப்பசியில், அடைமழை விடாமல் கொட்டிய ஒரு ராத்திரி, என் சித்தியை ஆட்டோவில் போட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். நாலு நாளாக வாந்தி, வயிறு போகவில்லை, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. அதெல்லாம் பித்தம் என்று சுக்கு வைத்துக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் பத்து வருடத்துக்கு முன்னால் செத்துப்போன சித்தப்பாவைக் கூப்பிட்டு 'மாட்டை அவுத்துக் கட்டுங்க' என்று பேச ஆரம்பித்ததும்தான் எங்களுக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கால்சியம் 14-க்கு மேல். பத்தரைக்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகம் திணறுவதைக் காட்டுகிற கிரியாட்டினினும் ஏறியிருந்தது. இளவயது டாக்டரம்மா ஒருவர், 'வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க, ஒன்னு விடாம எடுத்துட்டு வாங்க' என்றார்.

ஒரு மஞ்சப்பை நிறைய வந்தது. கட்டில் ஓரத்தில் கொட்டி நானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். முட்டிவலிக்கு ஒரு டாக்டர் எழுதிய விட்டமின் டி பொடி, ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். வாரம் ஒன்று, 8 வாரம் என்று சீட்டில் தெளிவாகவே எழுதியிருந்தார். சித்தி ஐந்து மாதம் போட்டிருக்கிறார். கடைசி இரண்டு மாதம் 'வலி கொறையுது, சீக்கிரம் சரியாகட்டும்' என்று வாரம் இரண்டு. அப்புறம் சிங்கப்பூரிலிருந்து மருமகள் அனுப்பிய டப்பா, டி விட்டமின் 5,000 யூனிட் குளிகை, தினம் ஒன்று. காலையும் ராத்திரியும் கால்சியம் மாத்திரை, அதில் ஒவ்வொன்றிலும் 250 யூனிட் டி. கால் மதமதப்புக்கு நரம்பு மாத்திரை. இது போக யாரோ சொன்னார்கள் என்று பாலில் கலக்கிற புரதப் பொடி, அதன் டப்பாவின் முதுகில் இருபத்தைந்து சத்து அச்சடித்திருக்கிறது.

அந்தக் கட்டில் ஓரத்திலேயே ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தேன். வாரம் 1,20,000 என்றால் நாளைக்கு 17,000 சொச்சம், அதோடு ஐயாயிரம், அதோடு ஐந்நூறு. ஒரு நாளைக்கு 22,600 யூனிட். புரதப் பொடியில் இருந்ததைச் சேர்க்காமல். நீங்கள் 2020-ல் வெளியிட்ட அறிக்கையில் டி விட்டமினுக்குப் பரிந்துரை அளவு 600 யூனிட், தாண்டக் கூடாத உச்ச வரம்பு 4,000 யூனிட். வரம்பைப் போல ஐந்தரை மடங்கு எங்கள் சித்தி மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறார். அதில் விட்டமின் டி பொடியும் கால்சியமும் என் கடையில் வாங்கியவை. ஒவ்வொன்றாக விற்றபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஏனென்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரிதான்.

சித்தி பிழைத்துக்கொண்டார். சலைன் ஏற்றி, கால்சியம் இறங்கி, வீட்டுக்கு வர ஒன்பது நாள் ஆனது. டி விட்டமின் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிற சரக்கு, மாத்திரையை நிறுத்தியதும் மறுநாளே போய்விடாது, வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொங்கல் வரைக்கும் ரத்தம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அதற்கப்புறம்தான் உங்கள் அறிக்கையை முழுசாக உட்கார்ந்து படித்தேன். படித்தபின் உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. ஒவ்வொரு சத்துக்கும் வரம்பு போட்டுவிட்டீர்கள். அது எந்தெந்த வாசல் வழியாக ஒரே வயிற்றுக்குள் வருகிறது என்று கூட்டிப் பார்க்கிற வேலையை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள்?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு உச்ச வரம்பு என்பது புது விஷயம் இல்லை. நடவு முடிந்து மேலுரம் போடும்போது யூரியா குறைந்தால் பயிர் மஞ்சளாக நிற்கும், கூடினால் கருகருவென்று செழித்து வரப்பில் போகிறவன் கண்ணுபடுகிற மாதிரி நிற்கும், அப்புறம் தூரில் புகையான் விழும், கதிர் பிடித்ததும் சாயும். இது எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் தெரியும். அதே ஆள் என் கடைக்கு வந்து 'சத்து மாத்திரைதானே தம்பி, கூட ரெண்டு போட்டா என்ன ஆயிடப் போவுது' என்பார். மருந்து என்றால் அளவு உண்டு, சத்து என்றால் அளவு கிடையாது என்று எங்கேயோ மனசில் பதிந்துவிட்டது. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று பள்ளிக்கூடத்தில் எழுதியதெல்லாம் பரீட்சையோடு சரி.

உங்கள் பக்கத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நீங்கள் போடுவது ஒரு எண் இல்லை, மூன்று. சராசரித் தேவை என்று ஒன்று, அதாவது நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்களில் பாதிப்பேருக்குப் போதுமான அளவு. பரிந்துரை அளவு என்று ஒன்று, நூற்றில் 97-98 பேருக்குப் போதுமானது. மூன்றாவது உச்ச வரம்பு, தினசரி தொடர்ந்து சாப்பிட்டாலும் கெடுதல் வராது என்று நம்பத்தக்க மேல் எல்லை. 1944-ல் முதல்முதலாக இந்தியர்களுக்கு அளவு போட்ட காலத்திலிருந்து இந்தப் பரிந்துரை அளவு ஒன்றுதான் ஊரெல்லாம் புழங்கிவந்தது, டப்பாவில் அச்சாவதும் அதன் சதவீதம்தான். மற்ற இரண்டும் முறையாகச் சேர்ந்தது 2020-ல்தான். நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டும் அறிக்கையை விட்டு வெளியே வரவே இல்லை.

பெண்களுக்கு இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரித் தேவை 15 மில்லிகிராம், பரிந்துரை 29. கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதை என் கடைக்கு வரும் அங்கன்வாடி டீச்சரிடம் கல்யாணச் சமையலை வைத்துச் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டார். ஐந்நூறு இலை பந்திக்கு மூட்டை அரிசி கணக்குப் போடுகிற சமையல்காரர் ஆளுக்குச் சராசரியாக இவ்வளவு என்றுதான் போடுவார். அதை விட்டு, சோறு போதவில்லை என்று எந்த இலையிலிருந்தும் சத்தம் வரக் கூடாது என்று பயந்து, பந்தியிலேயே பெருந்தீனிக்காரர் யாரோ அவருடைய அளவை ஐந்நூறால் பெருக்கினால், அரிசி எப்போது பார்த்தாலும் பற்றாக்குறையாகத்தான் தெரியும், மிச்சமெல்லாம் அண்டாவோடு ஊசிப் போகும். ஒரு தனி ஆளுக்குச் சொல்வதற்கு 29 சரி. ஊர் முழுக்க எத்தனை பேருக்குப் பற்றாக்குறை என்று அளக்க 15-ஐ ஒட்டித்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஊரே சத்துக் குறைவில் கிடப்பதாகத் தெரியும். உடனே ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஒரு பிடி இரும்பை அள்ளிப் போடக் கிளம்பிவிடும்.

கிளம்பித்தான் இருக்கிறார்கள். ரேஷன் அரிசியில் செறிவூட்டிய அரிசி வருகிறது. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தது, 2028 டிசம்பர் வரை தொடரும் என்று 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை முடிவும் எடுத்துவிட்டது. அரிசி மாவில் சத்தைச் சேர்த்து அரிசி போலவே வார்த்த சத்து மணியை நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு கிலோ அரிசியில் இரும்பு 28-லிருந்து 42.5 மில்லிகிராம் வரை இருக்கலாம், கூடவே ஃபோலிக் அமிலமும் பி12-ம். சரி, இப்போது எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை எடுத்துக்கொள்வோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். காலையில் பழையது, மத்தியானம் சோறு, ராத்திரி சோறு. அரிசியாக அளந்தால் நாளைக்கு 400 கிராமுக்குக் குறையாது. உங்கள் புத்தகத்தில் ஒரு நாள் தட்டுக்குத் தானியம் 250 கிராம் என்று படம் போட்டிருப்பதைக் காட்டினால் 'அது ஒரு வேளைக்கா?' என்று கேட்பார். ஆக, அரிசியில் கலந்த இரும்பு மட்டும் 11-லிருந்து 17 மில்லிகிராம். வாரம் ஒரு இரும்பு மாத்திரை, 60 மில்லிகிராம், நாளைக்குப் பங்கு போட்டால் எட்டரை. வீட்டில் இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பு வாங்கினால், பத்து கிராம் உப்பில் எட்டரையிலிருந்து பதினொன்று. (பத்து கிராம் உப்பா என்று கேட்காதீர்கள். ஐந்து கிராம் போதும் என்று நீங்கள் சொல்கிறீர்கள், கருவாட்டுக் குழம்பும் நார்த்தங்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும் வேறு மாதிரி சொல்கின்றன.) கீரை, பருப்பு, மீன், சோறு என்று சாப்பாட்டின் சொந்த இரும்பு ஒரு பத்து வையுங்கள். மொத்தம் 38-லிருந்து 46 சொச்சம். உங்கள் உச்ச வரம்பு 45.

அதனால் அந்த அக்காவுக்கு நாளைக்கே ஏதோ ஆகிவிடும் என்று நான் கூவவில்லை. அரிசியில் கலக்கிற இரும்பு உப்பு உடம்பில் அவ்வளவாக ஏறாத ரகம். மாதாமாதம் ரத்தம் போகிற உடம்புக்கு இரும்பு தேவைதான். நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 குடும்ப நல ஆய்வு சொல்கிறது. மாத்திரையை நிறுத்துங்கள், அரிசியை நிறுத்துங்கள் என்று எவனாவது இந்த மடலைக் காட்டிப் பேசினால் நான் அவன் பக்கம் இல்லை. ஆனால் அதே பானைச் சோற்றை அந்த அக்காவின் புருஷனும் சாப்பிடுகிறார், ஒரு கரண்டி கூடவே சாப்பிடுகிறார். ஆணுக்குப் பரிந்துரை 19 மில்லிகிராம். அரை கிலோ அரிசியில் கலந்ததே 14-லிருந்து 21 வந்துவிடுகிறது. அவருக்கு மாத இழப்பு கிடையாது. உடம்பில் ஏறிய இரும்பு சுலபத்தில் வெளியே போகிற வழியும் கிடையாது. அவருக்கு யாராவது கணக்குப் போட்டார்களா?

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். ரேஷன் அரிசி வந்ததும் திண்ணையில் முறத்தைப் போட்டு உட்கார்ந்து, கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் மங்கலாக இருக்கிற அந்தச் சத்து மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி. அது நிறைந்ததும் வாசலில் வீசுவார், கோழிகள் ஓடி வரும். 'பிளாஸ்டிக் அரிசிடா, தண்ணியில மெதக்குது பாரு' என்று எனக்கே காட்டினார். நான் விளக்கினேன். 'அப்படியா?' என்று கேட்டுவிட்டு அடுத்த மணியைப் பொறுக்கினார். மிதப்பதாவது போகட்டும், எங்கள் பக்கம் பாதி வீட்டில் இன்னும் சோறு வடிக்கிற பழக்கம்தான். கஞ்சித் தண்ணீரில் பி வகை விட்டமின்கள் கொஞ்சம் கரைந்து போகும். அந்தத் தண்ணீர் தவிட்டோடு சேர்ந்து மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. உங்கள் கணக்கில் அந்தப் பாட்டி ஒரு நாளைக்கு ஏழெட்டு மில்லிகிராம் கூடுதல் இரும்பு சாப்பிடுகிறார். நிஜத்தில் அது கோழிக்கும் மாட்டுக்கும் போகிறது. ஒரு வீட்டில் கூடிப்போகிறது, அடுத்த வீட்டில் போய்ச் சேரவே இல்லை, இரண்டு வீட்டுக்கும் மேலே ஒரே எண்.

நான் சொல்லித்தான் உங்களுக்கு அரிசியைப் பற்றித் தெரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் நிறுவனமே பிறந்தது அரிசியால்தானே. 1918-ல் நம் குன்னூரில் ஒரு சின்ன அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் ஆரம்பித்தபோது அதன் பெயரே பெரிபெரி விசாரணைப் பிரிவு. பெரிபெரி என்பது தயாமின் என்கிற பி1 விட்டமின் குறைந்து நரம்பும் இதயமும் கெடுகிற நோய். தீட்டிய பச்சரிசியே கதியாக இருந்தவர்களுக்குத்தான் பெரிபெரி வந்தது, புழுங்கல் அரிசிக்காரர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கிற தயாமின் உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதுதான் காரணம். எந்த எண்ணும் தெரியாமல் நெல் அவித்துக்கொண்டிருந்த எங்கள் பாட்டிமார்கள் ஒரு சத்துப் பிரச்சினையைத் தீர்த்து வைத்திருந்தார்கள். அதே மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தபோது சீக்கியர் சாப்பாட்டு எலி முதலிடம், மதராசிச் சாப்பாட்டு எலி கடைசி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1958-ல் நீங்கள் ஐதராபாத்துக்குக் குடிபோனீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் குன்னூரில் இருந்தபோது சோற்றுப் பானைக்குள் எட்டிப் பார்த்த பழக்கம் இப்போதும் வேண்டும் என்கிறேன்.

நரம்பு மாத்திரைக்கு வருகிறேன். இது என் தொழிலில் எனக்கு ரொம்ப உறுத்துகிற சமாச்சாரம். கை கால் மதமதப்பு என்று வந்தால் பி12-ம் பி6-ம் கலந்த மாத்திரையோ ஊசியோ எழுதுவது வழக்கம். சர்க்கரைக்காரர்கள் வருடக்கணக்கில் விடாமல் வாங்குவார்கள், சில மாத்திரையில் பி6 மட்டுமே 100 மில்லிகிராம் வரை போகும். ஒரு நாளைக்குத் தேவை இரண்டு, இரண்டரை மில்லிகிராம்தான். பி6 மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் என்ன ஆகும் தெரியுமா? கை கால் மதமதக்கும். எந்த நோவுக்கு வாங்கினார்களோ அதே நோவு. மதமதப்பு போகவில்லையே என்று இன்னொரு அட்டை வாங்குவார்கள். நான் அதையும் விற்பேன். இதற்கு உங்கள் உச்ச வரம்பு 100 மில்லிகிராம், அமெரிக்கக்காரர்கள் வைத்திருக்கும் அதே எண். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முன்னால் 25 என்று வைத்திருந்து, 2023-ல் 12 என்று குறைத்துவிட்டது. மனித நரம்பு ஐரோப்பாவில் ஒரு மாதிரியும் மன்னார்குடியில் ஒரு மாதிரியும் இருக்காது.

ஒரு நாட்டில் 100, இன்னொரு பக்கம் 12 என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை, அது எனக்குத் தெரிகிறது. கெடுதல் தெரிந்த அளவு எது, தெரியாத அளவு எது என்று ஆய்வுகளில் தேடி, அதை நிச்சயமின்மைக்காக ஒரு எண்ணால் வகுத்து வரம்பு போடுகிறீர்கள். எந்த ஆய்வை நம்பினோம், எத்தனையால் வகுத்தோம் என்பதில் ஆளுக்கு ஆள் மாறும். இரும்புக்கான 45 வந்த கதையே இதுதான். சுவீடனில் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மாத்திரையும் சாப்பாடும் சேர்த்து 70 மில்லிகிராம் போனபோது வயிற்றுக் கோளாறு தெரிந்தது. அமெரிக்க நிபுணர்கள் 2001-ல் அதை ஒன்றரையால் வகுத்து 45 என்று முடித்தார்கள். உங்கள் அறிக்கையிலும் அதே 45. சுவீடன்காரர் மீனும் ரொட்டியும் தின்று மாத்திரை போட்டுப் பார்த்த கணக்கு, மூன்று வேளை சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு டம்ளர் காபி குடிக்கிற எங்களுக்கு அப்படியே பொருந்துமா? (காபியில் இருக்கிற சங்கதிகள் இரும்பைக் குடலில் ஏறவிடாது என்பதால் கும்பகோணம் டிகிரி காபி எங்களை ஒரு வகையில் காப்பாற்றுகிறது, இன்னொரு வகையில் கெடுக்கிறது. இதை நினைத்து நான் தனியாகச் சிரித்துக்கொள்வது உண்டு.) பரிந்துரை அளவுகளை நம் ஆட்களின் எடை, நம் சாப்பாடு, நம் குடலில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள். ஆணின் எடையை 60 கிலோவிலிருந்து 65 ஆக்கினீர்கள், கால்சியத்தை 600-லிருந்து 1,000 ஆக்கினீர்கள். அந்த அக்கறையை மேல் எல்லைக்கும் காட்டுங்கள் என்பதுதான் கேள்வி.

கால்சியத்தைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 600 என்பது 1,000 ஆன மறு வருஷமே மாத்திரைக் கம்பெனிப் பிரதிநிதிகள் பளபளக்கிற அட்டையோடு வந்துவிட்டார்கள். உங்கள் எண் எங்கள் ஊருக்கு வந்து சேருகிற வழி அதுதான். நிறைய வீட்டில் பால் என்பது காலைக் காபிக்குக் கால் லிட்டர், அதையும் நாலு பேர் பங்கு போட வேண்டும். நீங்கள் 1,000 என்று சொன்னதும் மாத்திரை வந்து நின்றது. நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் என்று உங்களுடைய 2017 உணவுச் சத்து அட்டவணையிலேயே இருக்கிறது, முருங்கைக்கீரையும் அதற்குப் பக்கத்தில் வருகிறது. முள்ளோடு மெல்லுகிற நெத்திலிக் கருவாட்டைக் கேட்கவே வேண்டாம். கொல்லையில் முருங்கை இல்லாத வீடு எங்கள் ஊரில் எத்தனை இருக்கும்? எண்ணை மட்டும் போட்டுவிட்டு, அது எந்தச் சட்டியிலிருந்து வரும் என்பதை எழுதாமல் விட்டால், அந்த வெற்றிடத்தில் என்னைப் போன்ற கடைக்காரன் உட்கார்ந்துகொள்வான்.

அப்புறம் யூனிட் குழப்பம். ஒரு டப்பாவில் டி விட்டமின் 25 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 1,000 யூனிட் என்று. இரண்டும் ஒன்றுதான், ஒரு மைக்ரோகிராம் என்றால் 40 யூனிட். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் பரீட்சைக்குப் படித்தேன். சித்திக்குத் தெரியாது. 60,000 என்ற எண்ணைப் பார்த்து அவர் பயந்தாரா? இல்லை, 'அறுவதாயிரம் சத்து இருக்காம்' என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

சிகிச்சை அளவு வேறு, தினசரி வரம்பு வேறு என்பதையும் யாரும் சொல்வதில்லை. வாரம் 60,000 என்பதே நாளைக்கு 8,500 சொச்சம், உங்கள் வரம்புக்கு இரண்டு மடங்கு. டாக்டர் எழுதியது தப்பில்லை. குறைவு இருக்கிற ஆளுக்கு, எட்டு வாரத்துக்கு, கணக்கோடு கொடுக்கிற மருந்து அது. கர்ப்பிணிகளுக்குத் தினம் கொடுக்கிற 60 மில்லிகிராம் இரும்பும் அப்படித்தான், 45 என்ற வரம்பைக் காட்டி அதை யாரும் நிறுத்திவிடக் கூடாது. சீட்டில் எட்டு வாரம் என்று ஒரு தேதி இருக்கிறது, பாக்கெட்டில் இல்லை. பாக்கெட்டைத்தான் வீட்டில் வைத்திருக்கிறார்கள், சீட்டு மழையில் நனைந்து போய்விடுகிறது.

ஆகவே அய்யா, அம்மா, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். டப்பாவில் பரிந்துரையில் எத்தனை சதவீதம் என்று போடச் சொல்கிறீர்கள் அல்லவா, அதற்குப் பக்கத்திலேயே உச்ச வரம்பில் எத்தனை சதவீதம் என்றும் போட உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லுங்கள். சித்தியின் டப்பாவில் 'உச்ச வரம்பில் 125 சதவீதம்' என்று இருந்திருந்தால் அந்த மருமகளே அனுப்பியிருக்க மாட்டாள், நன்றாகப் படித்த பெண். அரிசிக்கு ஒரு துறை, மாத்திரைக்கு ஒரு துறை, பள்ளிச் சாப்பாட்டுக்கு ஒரு துறை என்று இருப்பதை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் இத்தனை வாசலையும் ஒரே தாளில் கூட்டி, இந்த மாவட்டத்தில் இப்படிச் சாப்பிடுகிற ஆளுக்கு மொத்தம் இவ்வளவு போகிறது என்று வருடம் ஒரு முறை எழுதிப் போடலாம். 2023 ஆகஸ்டில் இதோ பக்கத்தில் திருக்குவளையில்தான் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கித் தொடங்கி வைத்தார்கள். காலை, மத்தியானம் இரண்டு வேளையும் பள்ளியில் சாப்பிடுகிற பிள்ளைக்கு, வீட்டுச் சோறு, வாராந்தர மாத்திரை எல்லாம் சேர்த்துக் கணக்கு எழுதுவது இப்போது முன்னைவிடச் சுலபம், பாதிச் சாப்பாடு அரசாங்கப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்தத் தாளைத் தமிழில், மில்லிகிராமில் இல்லாமல் ஆழாக்கிலும் கரண்டியிலும் டம்ளரிலும் எழுதுங்கள். ரேஷன் கடைப் பலகையில் இருப்பு எழுதுகிற இடத்துக்குக் கீழே அது ஒட்டப்பட்டால் பாட்டி படிக்காவிட்டாலும் பேத்தி படித்துச் சொல்வாள்.

இந்தக் குழுவில் அடுத்த முறை உட்காரும்போது ஒரு கிராம செவிலியரையும் ஒரு சத்துணவு அமைப்பாளரையும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 29, கர்ப்பிணிக்கு 27 என்று உங்கள் அட்டவணையில் இருப்பதை எங்கள் செவிலியரம்மாவிடம் காட்டினேன். 'தலைகீழா அச்சாயிருக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மாத இழப்பு நிற்கிறது, குடலும் அந்த நேரத்தில் அதிகம் உறிஞ்சுகிறது என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்பது சந்தேகம்தான். உங்கள் மேசையில் அவர் இருந்தால் இரண்டு பக்கமும் விளங்கிவிடும்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்திருக்கிறேன். கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, சத்து மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற எல்லா டப்பாவையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். கூட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். வியாபாரம் கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது, இரண்டு பேர் அடுத்த தெருக் கடைக்கு மாறிவிட்டார்கள். பலகையில் டி விட்டமின், கால்சியம், இரும்பு, பி6 என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் மூன்று எண்ணையும் எழுதியிருக்கிறேன். நாலாவதாக ஒரு கட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறேன், 'நம்ம ஊர்ச் சோத்துல, ரேஷன்ல, மாத்திரையில மொத்தம் வர்றது' என்று தலைப்பு. சித்தி சாயங்காலம் காய்கறி வாங்கப் போகும்போது அங்கே நின்று, அந்தக் கட்டம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்கிறார். ஐதராபாத்துக்கு எழுதியிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.